மூன்று மெஷினும் ஒரு சிவபாலனும்

பிரின்ற் கடைக்கு ஒருவரும் நேரத்தோடு வருவதில்லை. நாளைக்குக் கடைசித் திகதி என்றால்தான் எங்கள் கடைக் கதவு அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

என் கடை லண்டன் ரெய்னர்ஸ் லேனில், ஸ்டேஷனுக்குக் கிட்ட. பிரின்ற், போட்டோகொப்பி, புத்தகக் கட்டு. மாணவர்கள் ஆய்வேடு கட்ட வருவார்கள். கட்டுமுன் ஒருக்கால் 'செக்' பண்ணித் தரச் சொல்வார்கள். எழுதினதில் எங்கேயாவது சுட்டது இருக்கிறதா என்று பார்க்கிற மென்பொருள். நாங்கள் மெஷின் என்போம். அப்படி மூன்று வைத்திருக்கிறேன். கம்பனிப் பெயர் சொல்ல மாட்டேன். எனக்கு வழக்குப் பேச நேரமில்லை.

முதலாவது இலவசம். ஆங்கிலம் மட்டும் தெரியும், அதுவும் மேலோட்டமாக. யாரையும் நோகடிக்காது. இரண்டாவது சந்தா. மாதம் மாதம் காசு. இதற்கும் ஆங்கிலம்தான், ஆனால் சஞ்சிகைகளையும் துழாவும், 'முடிவாகச் சொல்வதானால்' என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் சிவப்பு அடிக்கும். மூன்றாவது பொல்லாதது. பெயர் ரஞ்சி வைத்தது. ரஞ்சி கடையில் வேலை செய்கிற பிள்ளை, என்னைவிட வாய்க்காரி. பொல்லாததற்குப் பல மொழி தெரியும். மொழிபெயர்த்துக் களவெடுத்தாலும் பிடிக்கும். பல்கலைக்கழகங்கள் வைத்திருப்பதும் அந்த ரகம்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய என் இனத்தவர்களே, கேளுங்கள்.

பேரம்

பிளேஸ்டோவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர் மகனை இழுத்துக்கொண்டு வந்தார். மகன் கணக்கியல் படிக்கிறான். அவன் கட்டுரையை மூன்றிலும் போட்டேன். வேறு எழுத்தோடு நூற்றுக்கு நாலு வீதம் பொருந்துகிறது என்றது இலவசம். பதினேழு என்றது சந்தா. இருபத்தேழு என்றது பொல்லாதது. தகப்பன் மூன்று தாளையும் பரப்பி வைத்துக்கொண்டு, மூன்று டொக்டர் மூன்று வருத்தம் சொன்னது போல நின்றார்.

விளங்கப்படுத்தினேன். வீதம் என்பது களவின் அளவு இல்லை. மேற்கோளும் அதில் சேரும், பின்னால் போட்ட நூற்பட்டியலும் சேரும். சிவப்பைத் திறந்து அது என்ன என்று பார்க்க வேண்டும். மகன் கேட்டான். தகப்பன் கேட்கவில்லை. இருபத்தேழைக் கொஞ்சம் இறக்க முடியாதா என்றார். இது மீன் இல்லை என்றேன். மகன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனுசன் விடவில்லை. விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"அண்ணை, மூண்டையும் கூட்டி மூண்டாலை பிரிச்சால் பதினாறுதானே? அதைப் போட்டு ஒரு ரிப்போர்ட் தாங்கோ."

சிவபாலன் ஆர்?

வாசுகி ஜெர்மனியில் படித்து, கலியாணம் கட்டி, பிறகு லண்டனுக்கு வந்தவர். முதியோர் இல்லத்தில் நேர்ஸ். ஷிப்ட் முடிந்த நேரத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதினார். மறதி நோய் வந்த முதியவர்கள் பின்னால் படித்த மொழியைத் தொலைத்துவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்புவது பற்றி. நல்ல விஷயம். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமை வந்தார்.

இலவசம் ஒரு வீதம் என்றது. சந்தா ஆறு. முகம் மலர்ந்து, உடனே கட்டச் சொன்னார். மூன்றாவதையும் பார்ப்போம் என்றேன். ரஞ்சி கவுண்டருக்குக் கீழே காலால் தட்டினாள், விடுங்கோ என்று. நான் விடுகிற ஆள் இல்லை. பொல்லாதது நாற்பத்தொன்று என்றது. மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. மூலம், ஒரு நூலகத் தளத்தில் கிடந்த ஜெர்மன் ஆய்வேடு. எழுதியவர் சிவபாலன் என்று மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி, இந்தச் சிவபாலனைத் தெரியுமா என்றேன். தன் அப்பா என்றார். பெற்ற தகப்பனிடமே களவா என்று நினைத்துக்கொண்டு, அப்பா ஜெர்மனியில் எங்கே படித்தவர் என்று கேட்டேன்.

"அப்பா பிளேனே ஏறேல்லை, ஐயா. அதை எழுதினது நான்."

பனிமலை அடியார்கள்

நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர் பின்னால் நிற்கும், பின் புருஷன் பெயர். ஜெர்மனியில் வாசுகி சிவபாலன். லண்டனில் வாசுகி மனோகரன். பழைய ஆய்வேட்டின் பெரும் பகுதியைத் தானே ஆங்கிலத்தில் எழுதிப் புதியதில் வைத்திருந்தார். தான் சமைத்ததைத் தானே சூடாக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பல்கலைக்கழகத்துக்கு இது எங்கே விளங்கும்? யாரோ ஒரு சிவபாலனைக் கொள்ளையடித்தது என்றுதான் விளங்கும். விசாரணை வைப்பார்கள். அத்தனை வருட உழைப்பும் போகும். இலவசத்தின் ரிப்போர்ட்டை மட்டும் அடித்துத் தரும்படி கேட்டார். அவர்கள் என் தாளைப் பார்க்க மாட்டார்கள், தங்கள் மெஷினில் போடுவார்கள், நீங்களே இப்போது பேராசிரியருக்குச் சொல்லிவிடுங்கோ என்றேன். மாட்டேன் என்று கதிரையில் இருந்துவிட்டார். அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து நோர்பரிப் பக்கத்துக் கோயில் ஒன்றின் செயலாளர் வந்தார். திருவிழா மலர் எங்களிடம்தான் அடிப்பது. தலைவரின் வாழ்த்துச் செய்தி களவு என்று யாரோ வட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்களாம். இலவசத்துக்கும் சந்தாவுக்கும் தமிழ் தெரியாது, சைபர் என்றன. செயலாளர் அந்த இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பொல்லாதது தொண்ணூறு என்றது. போன வருட மலரில் வந்த அதே வாழ்த்து. அதற்கு மூலம் கனடாவில் ஒரு கோயில் மலர். இரண்டாம் பந்தியில், 'மலைபோல் குவிந்த பனியையும் பாராது தேரிழுக்க வந்த அடியார்கள்' என்று இருந்தது. இவர்களின் தேர் ஓகஸ்டில். அதைச் சத்தமாக வாசித்தேன். கதிரையில் இருந்த வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செயலாளர் அசையவில்லை.

"போன வருசம் வாழ்த்தினவர்தானே இந்த வருசமும் வாழ்த்துறார். அவர் வேறை எங்கை போய் வாழ்த்துக் கண்டுபிடிக்கிறது?"

அப்பா சொன்னார்

சிரித்த கையோடு வாசுகி, தன் நியாயமும் இதுதானே என்று சொல்லிக்கொண்டு பேராசிரியருக்குப் போன் எடுத்தார். போனைக் கவுண்டரில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். செயலாளரும் போகவில்லை. ரஞ்சி போட்டோகொப்பி மெஷினை நிறுத்தினாள். பேராசிரியர் வெள்ளைக்கார அம்மா, இடையில் பேசாமல் முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: சிவபாலன், மனோகரன், இதில் எது உன் குடும்பப் பெயர்? ஒன்று அப்பா, மற்றது புருஷன், இரண்டும் ஆம்பிளைகளின் சொந்தப் பெயர் என்றார் வாசுகி. அப்படியானால் உன்னுடையது எது என்றார் அம்மா. வாசுகி மட்டும்தான் என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஒப்படைத்த பிறகு அகப்பட்டிருந்தால் கதை வேறு, முன்னமே சொன்னது நல்லது என்றார். ஒரு பட்டத்துக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குப் புதிது போலக் கொடுக்க முடியாது. பழையதைச் சுருக்கு, எடுத்த இடத்தில் எல்லாம் மூலத்தைக் காட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று முன்பக்கத்தில் எழுது. இரண்டு கிழமை தவணை கேட்டுத் தருகிறேன். அவ்வளவுதான். செயலாளர் தன் கோயிலுக்கே நல்லது நடந்தது போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன் பிறகு வாசுகி ஷிப்ட் முடிந்து நேரே கடைக்கு வருவார். மூலையில் இருந்து திருத்துவார். வீட்டில் இருந்தால் நித்திரை வரும் என்பது அவர் கட்சி. 'சிவபாலன் கூறியது போல', 'சிவபாலன் காட்டியபடி' என்று அடித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் ரஞ்சி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்து, எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"வீட்டிலை இருந்த காலத்திலை அப்பா சொன்னது ஒண்டும் நான் கேட்டதில்லை. இப்ப பக்கத்துக்குப் பக்கம் அப்பா சொன்னார், அப்பா சொன்னார் எண்டு எழுதுறன்."

பொன் எழுத்து

திருத்தியதைப் பொல்லாததில் போட்டோம். பதினெட்டு என்றது. ஒவ்வொரு சிவப்பாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மூலம் போட்டிருந்தது. கட்டிக் கொடுத்தேன். ஒப்படைத்தார். வாய்மொழித் தேர்வும் முடிந்து பட்டம் உறுதியானது. நான் வாழ்த்தவில்லை. காசில் கொஞ்சம் குறைத்தேன்.

நூலகத்தில் வைக்கக் கெட்டி அட்டைப் பிரதி வேண்டும். நீல அட்டை, முதுகில் பொன் எழுத்து. பதிந்த பெயர்தான் போடலாம் என்பது பல்கலைக்கழகச் சட்டம். எடுக்க வாசுகியோடு அவர் கணவர் மனோகரனும் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், யூனிபோர்மோடு வந்தார். 'மனோகரன்' என்ற இடத்தை விரலால் தடவினார். போட்டோ எடுத்தார். அண்ணனுக்கு அனுப்பினார், அண்ணன் உடனே கோல் எடுத்தார். மனோகரன் தானே எழுதி முடித்தது போல ஒரு களைப்போடு பேசினார்.

கீழே இன்னொரு பிரதி இருந்தது. வாசுகி தனியாகச் சொல்லிக் கட்டுவித்தது. அதன் முதுகில் 'வாசுகி' மட்டும். மனோகரன் அதைக் கண்டார். பாதிப் பெயரை விட்டுவிட்டீர்கள், திரும்ப அடியுங்கள் என்று என்னோடு பாய்ந்தார். எனக்கும் வாய் துறுதுறுத்தது. அதற்குள் வாசுகி அவர் கையில் இருந்து அதை வாங்கித் தன் பையில் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினார்.

"அது யூனிவர்சிற்றிக்கு. இது எழுதின ஆளுக்கு."

எழுத்துக் கள்ளரைப் பிடிக்க மூன்று மெஷின் வைத்திருக்கிறேன். இதுவரை அகப்பட்டது தன்னிடமே எடுத்த ஒரு மகளும், பனியில் தேர் இழுத்த ஒரு கோயில் தலைவரும்தான்.