லிவர்மோர் போகும் வழியில் கிரேக்கத்தைக் கவிழ்த்தேன்

கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டுப் பழைய கிரேக்கம் படிக்கப் போவதாக மகள் சொன்னது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்க இணையத்தில் மேய்ந்தேன். ஞாயிறு காலை குபெர்டினோவிலிருந்து லிவர்மோர் கோவிலுக்குக் காரில் கிளம்பியபோது, கிரேக்க இலக்கியத்தையே ஒழித்துக்கட்டும் அளவுக்கு விஷயம் சேர்ந்திருந்தது. குடும்பத்துக்கு நான் உபதேசம் செய்வது எப்போதும் ஃப்ரீவேயில்தான். யாரும் இறங்கி ஓட முடியாது.

“ஒரிஜினல்னு ஒண்ணுமே கிடையாதாம்மா,” என்று ஆரம்பித்தேன். “அந்த ஞானிங்க கைப்பட எழுதினது ஒரு பக்கம்கூட இல்ல. ஆயிரம் வருஷம் கழிச்சு ஏதோ ஒரு கிறிஸ்தவ மடத்துச் சாமியார் பார்த்து எழுதினதுதான் இருக்கு. தூக்கக் கலக்கத்துல ஒரு வரியை விட்டிருப்பார். ஓரத்துல ஒருத்தன் கிறுக்கினதை அடுத்தவன் உள்ள சேர்த்திருப்பான். சில கடிதமெல்லாம் அவங்க பேர்ல வேற ஆள் எழுதினதாம். சுத்தமான வாட்ஸப் ஃபார்வேர்டு! இதைப் போய் படிக்கணுமா?”

“ஆர் யூ டன், அப்பா?”

“டன்.”

“நீ சொன்னது எல்லாமே கரெக்ட்.”

எனக்குப் பயமாகிவிட்டது. அவள் பிறந்ததிலிருந்து இந்த வாக்கியம் என் காதில் விழுந்ததில்லை.

“உன் ஆபீஸ் ஸ்டோரி ஒண்ணு சொல்லுவியே, நாலு டீம், சேம் பக்?” என்றாள். (அவள் பேசியதில் முக்கால்வாசி இங்கிலீஷ். தமிழாக்கம் என்னுடையது, அதனால் முழுதாக நம்ப வேண்டாம்.)

சொல்லுவேன். சொல்லாமல் இருப்பேனா? எங்கள் கம்பெனியில் நாலு டீம்களின் புரோகிராம்களும் பிப்ரவரி இருபத்தொன்பதைக் கண்டால் மண்டையைப் போட்டன. எல்லோரும் சொந்தமாக எழுதியதென்று சத்தியம் செய்தார்கள். நாலு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே தப்பு எப்படி வரும்? தப்புகளை ஒப்பிட்டு, யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று வம்சாவளி போட்டு, எல்லாவற்றுக்கும் மூலமான புரோகிராமில் என்ன இருந்திருக்கும் என்று கண்டுபிடித்தேன். அதை எழுதிய புண்ணியவான் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தான். இந்தக் கதையை வீட்டில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மசாலா கூட்டி, சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அதேதான் அப்பா. சாமியாருங்க பண்ண தப்பை வச்சு, எந்தக் காப்பி எதுலேர்ந்து வந்துச்சு, ஒரிஜினல்ல என்ன இருந்திருக்கும்னு கண்டுபிடிப்பாங்க. ஐ வான்ட் டு டூ தட். உன் வேலையில அந்த ஒரு ஸ்டோரிதான் போரடிக்காது.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். “உங்க பொண்ணேதான். டி.என்.ஏ. டெஸ்ட் எதுவும் வேண்டாம்.”

“கம்ப்யூட்டர் சயின்ஸையும் சேர்த்து டபுள் மேஜராவது பண்ணேன்,” என்று பேரத்தில் இறங்கினேன்.

“நோ. அப்புறம், டெம்பிள்ல அங்கிள்ஸ் கேட்டா சிஎஸ்னு சொல்லாத. ப்ளீஸ்.” அவளுக்கு வேண்டியது அனுமதி இல்லை, நாலு பேர் முன்னால் நான் மறைக்காமல் சொல்வது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தரிசனம் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கையில், தெரிந்த அங்கிள் ஒருவர் புளியோதரைத் தட்டோடு வந்தார். “பொண்ணு சிஎஸ்தானே?”

மகள் என் வாயையே பார்த்தாள்.

“இல்ல சார். பழைய கிரேக்கம்,” என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நானே விளக்கமும் கொடுத்தேன். “பழசா கிடக்கறதுல தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடற படிப்பு.”

“ஓ, லெகசி சிஸ்டம்ஸா? பழைய சாஃப்ட்வேருக்கு நல்ல டிமாண்டு!” என்று முதுகில் தட்டிவிட்டு, நான் திருத்துவதற்குள் நகர்ந்துவிட்டார்.

நாங்கள் பார்க்கிங்குக்குப் போவதற்குள் ஓர் ஆன்ட்டி ஓடி வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கங்க்ராட்ஸ்! பொண்ணுக்கு கிரீஸ்ல ஜாபாமே? சொல்லவே இல்ல!”

காரில் ஏறியதும் மகள் சீட் பெல்ட்டைக்கூடப் போட முடியாமல் சிரித்தாள். “காப்பியில தப்பு வர ஆயிரம் வருஷமெல்லாம் வேண்டாம் அப்பா. ஒரு புளியோதரை போதும்.”

“நான் சரியாத்தான்டி சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள். “ஒரிஜினலை நான் காதால கேட்டேன்ல.”