பூனை சேலை கட்டிய வெள்ளிக்கிழமை

குருநகரில் லெனாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டி, இணுவில் ஒழுங்கைகளில் ஹோர்ன் அடித்து விற்பவர். ஒரு விளைமீனுக்காக நெடுநேரம் பேரம் பேசும் அந்த மனிதர், மகள் டிலக்ஷி என்றால் மெழுகாய் உருகிவிடுவார்.

டிலக்ஷிக்கு ஏழு வயது. மாலையில் மாதா சொரூபத்தின் முன்னால் செபப்புத்தகத்தை விரித்து அவள் கடகடவென்று வாசிப்பதைக் கேட்க, பக்கத்து வீட்டுக் கத்தரீனா வேலியோரம் வந்து நிற்பாள். லெனாட்டின் நெஞ்சு நிறைந்துவிடும்.

அன்று மகளின் பின்னால் முழந்தாளில் இருந்தவர், தற்செயலாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவளுடைய வாயிலிருந்து வந்தது மாலைச் செபம். விரிந்திருந்ததோ மரித்தவர்களுக்கான மன்றாட்டு!

செபம் முடிந்ததும் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "பிள்ளை, இதை வாசியுங்கோ" என்றார். டிலக்ஷி வரியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கண்கள் குளமாகின.

நாள்தோறும் கேட்டுக் கேட்டு அத்தனையையும் மனப்பாடம் ஆக்கியிருக்கிறாள்! லெனாட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

"றோஸ், எங்கடை பிள்ளைக்கு எழுத்தே ஏறாதோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

மறுநாள் பள்ளிக்கு ஓடிப்போனவரிடம் வகுப்பாசிரியை மதுரா பொறுமையாகச் சொன்னார். "பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்கத்தான் பழகேல்லை. மனப்பாடமான எதையும் குடுக்காதேங்கோ. புதுசாக் குடுங்கோ, அந்தரப்படுத்தாதேங்கோ, ஆறுதலா வாசிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விரதமென்று இணுவிலில் யாரும் மீன் வாங்கமாட்டார்கள். அன்று பள்ளி விட்டதும் லெனாட் மகளைக் கரைக்குக் கூட்டிப்போய் வள்ளங்களின் பெயர்களை வாசிக்கச் சொன்னார்.

"சூசையப்பர்! அந்தோனியார்! லூர்து மாதா!"

ஒன்றுகூடத் தப்பவில்லை. லெனாட் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். அடுத்த வள்ளத்தை அண்மையில்தான் வேறொருவர் வாங்கி 'சமாதான அரசி' என்று பெயர் மாற்றியிருந்தார். அதன் நீல நிறம் மட்டும் மாறவில்லை.

"செபஸ்தியார்!" என்று பழைய பெயரைக் கூவினாள் டிலக்ஷி.

லெனாட் அவளை மெல்ல இறக்கிவிட்டார். கரையில் வளர்ந்த பிள்ளை! நிறத்தைப் பார்த்தே எல்லா வள்ளத்தையும் அடையாளம் சொல்லிவிட்டாள். இனி என்ன செய்வது? உலகத்தில் எவருமே சொல்லாத ஒன்றைத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து, சீமெந்து முற்றத்தில் வெண்கட்டியால் ஒரு வரி எழுதினார்.

டிலக்ஷி குந்தியிருந்து விரலால் தொட்டாள். "பூ... னை..." விரல் அடுத்த எழுத்தில் நின்றது. லெனாட் சொல்லிக்கொடுக்கத் துடித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "சே... லை... கட்... டு... து."

புருவம் சுருங்கியது. மறுகணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா! பூனை சேலை கட்டுமே?"

அந்தச் சிரிப்பை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்துக்குள்ளிருந்து அவளே எடுத்த சிரிப்பு. லெனாட் அதே முற்றத்தில் குந்தியிருந்து, சிறுபிள்ளைபோல் விம்மினார்.

பிறகு வெள்ளிதோறும் முற்றம் புதுப்புது வரிகளால் நிறைந்தது. 'றால் பஸ்ஸிலை போகுது.' 'அம்மாவும் நண்டும் சண்டை.'

"என்னை ஏன் நண்டோடை கொளுவி விடுறியள்?" என்று றோஸ் அகப்பையோடு வந்தாள்.

"நண்டுதான் பாவம் அம்மா!" என்றாள் மகள்.

மழைக்காலம் வந்தது. ஒரு மாலை லெனாட் செபப்புத்தகத்தில் புதிய பக்கமொன்றை விரித்துக் கொடுத்தார். டிலக்ஷி ஒவ்வொரு சொல்லாய்த் தடக்கித் தடக்கிப் போனாள்.

வேலியில் நின்ற கத்தரீனா, "என்ன தம்பி, முந்தி பிள்ளை மழை மாதிரிப் பொழிவாள். இப்ப நொண்டுறாள்?" என்றாள்.

லெனாட் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் அக்கா. இப்பதான் வாசிக்கிறாள்."

"ரெண்டு பேரும் கதையாதேங்கோ" என்று சீறினாள் டிலக்ஷி, விரலை எடுக்காமலே. "இன்னும் ஒரு வரி கிடக்கு."