புழுவெட்டு

அக்காவின் தலையில் புழு தேடும் வேலை எனக்குத்தான் வந்தது. வீட்டிலேயே கூர்மையான கண் என்னுடையது என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா இல்லாத வீடு. அக்கா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றாள். ஒருநாள் பக்கத்து மெஷினில் நின்ற ஒடிசாப் பெண்ணின் கை உள்ளே போய்விட்டது. அக்காதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாளாம். கம்பெனி வேனில் வரும் இன்னொரு பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்கா வாயே திறக்கவில்லை. ஆனால் சமையலறையில் தட்டு விழுந்தால்கூடக் கைகளை வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொள்வாள். சில வாரம் கழித்து அம்மா தலை வாரிவிடும்போது, பின்மண்டையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழவழவென்று வெறும் தோல் தெரிந்தது.

அத்தை பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "புழுவெட்டுதான். எங்கியோ ஒரு புழு உக்காந்துக்கினு முடிய கடிச்சிக்கினு கீது. அத்த புடிச்சி நசுக்கினா தானா மொளைக்கும்."

பெயரிலேயே புழு இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தோம். தலையணை உறையை வேகவைத்தோம். இரண்டாவது வட்டம் வந்தது, பிறகு மூன்றாவது.

"வேலைய உட்றேம்மா," என்றாள் அக்கா. "அந்த மெஷின் சத்தம் தலைக்குள்ளயே கீது."

அம்மா கெடு வைத்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். புழு கெடைக்கலன்னா அந்த கம்பெனி காத்துதான் உனுக்கு ஆவல. வேலைய உட்டு நின்னுடு."

நான்கு நாள் தேடியும் ஒன்றும் இல்லை. எனக்கோ மானம் போகிற விஷயம். ஞாயிறு காலை அரிசி டப்பாவில் நெளிந்த வெள்ளைப் புழு ஒன்றை எடுத்து, அக்காவின் கூந்தலுக்குள் கைவிட்டு, "கெடைச்சிடுச்சி!" என்று கத்தினேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என் உள்ளங்கையையே பார்த்தாள்.

"இதுவாடி?"

"ஆமாக்கா."

"செரி. இதுவாவே இருந்துட்டு போட்டும்."

அத்தை அதைச் செருப்பால் தேய்த்தாள். திங்கட்கிழமை அக்கா வேனில் ஏறினாள். பத்தாம் நாள் அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

இப்போது நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். பயம் மூளையோடு நின்றுவிடாது, நரம்பு வழியே இறங்கி உயிரணுக்கள் வரை போகும், அங்கே எந்த மரபணு வேலை செய்வது, எது சும்மா கிடப்பது என்பதையே மாற்றிவிடும் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அக்காவின் பின்மண்டைதான் ஞாபகம் வருகிறது. அக்காவுக்கு நடந்ததும் அதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவள் வாய் சொல்லாததை உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் அதன் வாயை அடைத்தேன் என்று நினைக்கிறேன்.

விரல்கள் போன பிறகு அக்கா கம்பெனிக்குப் போகவில்லை. நாலைந்து மாதத்தில் அந்த வட்டங்களில் முடி முளைத்தது, முதலில் பூனை மயிராக, வெள்ளையாக. நான் புழுவைப் பிடித்ததால்தான் முளைத்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அக்கா ஒருமுறைகூட இல்லை என்று சொல்லவில்லை.