சித்தி ஒட்டிய கட்டங்கள்

என் சித்தி நூலகத்தில் புத்தக உதவியாளர். திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது, தூசி தட்டுவது அவர் வேலை. பதினெட்டு வருடங்களாகத் தட்டியபடியே படித்தும் வந்திருக்கிறார் என்பது வீட்டில் எங்களுக்கே தெரியாது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தபோதுதான் தெரிந்தது. ஐந்து வருடங்களாக யாரும் எடுத்துப் போகாத புத்தகங்கள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பின் அறையில் இருப்பவை. மாதக் கடைசியில் பழைய காகிதமாகப் போய்விடும்.

"பாதிக்கு மேல நல்ல புத்தகம் சார்," என்றார் சித்தி நூலகரிடம்.

"நீங்களும் நானும் சொல்லி என்னம்மா? கடைசிப் பக்கத்துத் தாள்ல தேதி சீல் இருக்கணும். இந்த மாசத்துக்குள்ள யாராவது எடுத்துட்டுப் போனா அதைப் பட்டியல்லேர்ந்து அடிச்சிடறேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

அன்று சாப்பிடும்போது சித்தப்பா குறுக்குவழி சொன்னார். "நம்ம வீட்ல நாலு லைப்ரரி கார்டு இருக்கு. தினம் பத்துப் பத்தா எடு, மறுநாள் திருப்பிக் குடு. வேலை முடிஞ்சது."

"படிக்காத புத்தகத்துக்குச் சீல் குத்தவா? அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்."

"வந்துட்டாங்கய்யா நீதிபதி," என்று சித்தப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாள் சித்தி ஜெராக்ஸ் கடைக்குப் போனார். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு பணம் வாங்க மட்டும்தானா என்று விசாரித்தார். "எதை வேணும்னாலும் திறக்க வைக்கலாம்க்கா," என்று கடைக்காரர் செய்து காட்டினார். பத்தே நாளில் நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சித்தி எழுதிய சிறு குறிப்பு ஏறியது. அதன் கீழே, 'எனக்காக எடுத்து வையுங்கள்' என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டுப் போனால் புத்தகம் நூலக வாசல் மேசையில் தயாராக இருக்கும்.

அந்தக் குறிப்புகளைத் திறக்கும் க்யூஆர் கட்டங்களை அச்சடித்து, நூலகத்தில் எந்தச் சீட்டையும் ஒட்டும் இடத்திலேயே ஒட்டினார். அதாவது, புத்தக முதுகின் அடியில். நான்கு நாள் ஆகியும் ஒருவர்கூடப் பொத்தானை அழுத்தவில்லை.

சித்தப்பா வந்து பார்த்தார். "யாருமே வராத ரூம்ல, யாருமே தொடாத புத்தகத்து முதுகுல ஒட்டியிருக்க. யாரு பாக்கறது, கரப்பான்பூச்சியா?"

"புத்தகத்துச் சீட்டு புத்தகத்துலதானே..." என்று தொடங்கிய சித்தி பாதியில் நிறுத்திவிட்டார். முகம் சிவந்துவிட்டது. அன்று மதியமே இன்னொரு செட் அச்சடித்துக்கொண்டு, ஆட்கள் சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் இடங்களாகப் பார்த்துக் கிளம்பினார்.

குழந்தை வளர்ப்புப் புத்தகங்களின் கட்டங்கள் மருத்துவர் வீட்டு வாசலுக்கு. மோட்டார் பழுதுபார்க்கும் நூல் இரும்புக்கடைக்கு. துப்பறியும் கதைகள் முடிவெட்டும் கடைக்கு.

"கண்ணாடியில ஒட்டாதீங்கக்கா, என் முகமே தெரியாது," என்றார் முடிவெட்டுபவர்.

"உங்க முகத்தைப் பாக்கவா வர்றாங்க? தள்ளுங்க."

அங்கே ஒட்டிய கட்டத்தில் திறக்கும் குறிப்பு ஒன்று எனக்கு மனப்பாடம்: 'கொலைகாரன் யார் என்று பதினோராம் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். அழித்துவிட்டேன். தைரியமாகப் படியுங்கள்.'

இரண்டு நாளில் பாதி ஷேவிங்கோடு எழுந்து வந்ததுபோல் ஒருவர் வந்து நின்றார். "அழிச்சது நீங்கதானா? சரியா அழிச்சீங்களா? லேசாத் தெரிஞ்சாலும் எனக்குக் கெட்டுப் போயிடும்." சித்தி பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரும்புக்கடைக்காரர் தன் கடை வாசலில் ஒட்டியதைத் தானே திறந்து படித்துவிட்டுத் தானே வந்தார். மருத்துவரைப் பார்க்க வந்த பெண்கள் கைக்குழந்தையோடு வந்து, மேசையருகே நின்று குறிப்புகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். தேதி சீலின் மை தீர்ந்து, நூலகர் புதுப் புட்டி திறந்தார்.

கடைசி நாள் நூலகர் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்து அடித்தார். சித்தி உட்காரவேயில்லை. நூற்று எண்பத்தொரு புத்தகங்கள் தப்பியிருந்தன.

"பதினெட்டு வருஷமா இந்த ரூமுக்கு நான் நூலகர்," என்றார் அவர், பேனாவை மூடிக்கொண்டே. "இதுல என்ன இருக்குன்னு உங்க குறிப்பைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வீட்டில் சித்தப்பா ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லி முடித்துவிட்டு, வம்புக்கென்றே கேட்டார். "எல்லாம் சரி, முப்பத்தொண்ணு போச்சே?"

"போகலை. ஒரு மாசம் தவணை கேட்டேன், சார் சரின்னுட்டாரு." சித்தி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அந்த முப்பத்தொண்ணையும் நான் முழுசாப் படிக்கலை. அட்டையைப் பாத்தே எழுதிட்டேன். வாசகருக்குத் தெரியாதா என்ன?"

மறுநாள் காலை நூலகம் திறந்ததும், முப்பத்தொன்றையும் தன் மேசையில் அடுக்கினார். மேலே இருந்ததை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.