காதில் சொன்ன பெயர்

மகனின் தமிழ்ப்பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உன் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது, அதை முதலில் சொன்னவர் யார். வழக்கம்போல அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஊரில் யாருக்கும் இருக்கக்கூடாது என்று தேடித் தேடி வைத்த பெயர் அது. அந்தப் பெருமையோடு இணையத்தில் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் ‘வெற்றி’ என்று போட்டிருந்தது, இன்னோரிடத்தில் ‘நெருப்பு’. மூன்றாவதில் பெண் பிள்ளைகளுக்கும் வைக்கலாமாம். மண்டை காய்ந்துவிட்டது.

கடைசிக் கேள்வி, இந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார். அது மட்டும் எனக்குத் தெரியும். முப்பதாம் நாள் சடங்கில் பிள்ளையின் காதில் அத்தைதான் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். என் அக்கா சொன்னாள், எங்களுக்குக் கேட்காத குரலில். ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனோம்.

மகன் வாசலில் பூனையோடு விளையாடப் போனதும் தாளை நீட்டினேன். அக்கா அதைத் தொடவே இல்லை.

“நான் அந்தப் பேரச் சொல்லலடா.”

“வெளையாடாத லா.”

“என் புள்ளைக்கு வச்சிருந்த பேரச் சொன்னேன். மூணு தடவையும்.”

அக்காவுக்கு ஒரே பிள்ளை, பிறந்த அன்றே போய்விட்டான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

“அந்தப் பேர யாருமே கேட்கல. ஒரு காதுலயாவது விழட்டும்னு தோணிச்சு. தப்புதான்.”

கோபப்படுவதா, அவள் கையைப் பிடித்துக்கொள்வதா? என் மகனுக்கு எது பெயர்? அது என்ன பெயர் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

அதற்குள் மகன் ஓடி வந்தான். “அத்தை, நீங்கதானே ஃபர்ஸ்ட் என் பேரச் சொன்னீங்க? எப்படிச் சொன்னீங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் அவனை இழுத்து மடியில் வைத்துக் காதருகே குனிந்தாள். இந்த முறை எனக்கும் கேட்டது. நாங்கள் வைத்த பெயரைத்தான் மூன்று தடவையும் சொன்னாள். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனாலும் நிம்மதி வரவில்லை. அந்த இன்னொரு பெயர் மறுபடி அவளிடமே திரும்பிப் போய்விட்டது.

காரில் மகன் தாளை மடியில் விரித்தான். “அப்பா, எத்தன பேருக்குன்னு போடணும்?”

“ஒருத்தன்னு போடு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.