ஜபருல்லா எடுக்காத படம்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் என் பம்புசெட் சாமான் கடையை ஒட்டியது ஜபருல்லாவின் செருப்புக் கடை. வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்று அவனைச் சொன்னால் அவன் மனைவி நஸீபாவே சிரிப்பாள். ஆள் வராத நேரமெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருப்பான். சோழபுரம் கண்மாய், செட்டியார்பட்டிச் சந்தை என்று அவன் எழுதாதது பாக்கியில்லை. சம்பளம் உண்டா என்று கேட்டேன். கிடையாதாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைக் கதையில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன், பக்கத்துக் கடையிலேயே இருப்பான் என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் சீனிச்சாமியைப் பற்றி எழுத ஆரம்பித்தான். எழுபதுகளில் தமிழ்நாட்டு வாலிபால் அணியில் ஆடியவர். மடவார் வளாகத்தில் அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். வலைக்கு மேலே நெஞ்சு தெரிய எழும்பி, பந்தை அடிக்கக் கையை ஓங்கியிருப்பார். மதுரையிலிருந்து வந்து, பிறகு நின்றுபோன ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வெளியான படம் அது. ஜபருல்லா அந்தப் படத்தைத் தன் போனில் படம் பிடித்து, ‘என் சொந்தப் படைப்பு’ என்று குறித்துக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றிவிட்டான்.

மறுநாளே அதை நீக்கிவிட்டார்கள்.

“என் போனு, என் வெரலு, நான்தான அமுக்குனேன்? பொறவு எவன் படம்ணே அது?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான்.

“பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்தவனுக்கு வீடு சொந்தமாயிருமாலே?” என்றேன். அதோடு அடங்கினான்.

பிறகுதான் விதிகளைப் படித்தான். படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு, வெளியாகி அறுபது வருடம் வரை அது போகாது. எடுத்தவர் யாரென்று மதுரை வரை போய் விசாரித்தான், துப்பில்லை. இன்னொரு வழியும் இருந்தது. வேறு படம் கிடைக்கவே கிடைக்காது என்றால், உரிமை உள்ள பழைய படத்தையே சிறியதாக்கி, காரணம் எழுதிப் போடலாம். நியாயமான பயன்பாடு என்று அதற்குப் பெயர். ஆனால் ஆள் உயிரோடு இருந்தால் அது செல்லாது. நேரே போய் யாரும் புதுப் படம் எடுத்துவிடலாமே!

சரி, எடுத்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சீனிச்சாமி நாற்காலியில் இருந்தார். சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் யாரையும் படம் எடுக்க விட்டதில்லையாம்.

“குதிச்சவனைப் போடு. உக்காந்து கெடக்கவனைப் போடாத” என்றார்.

“மாமா, நீங்க இருக்கிற வரைக்கும் அந்தப் படத்தைப் போட விடமாட்டாங்க.”

“அப்ப நான் போன பொறவு போடலாமா?”

ஜபருல்லா தலையைக் குனிந்துகொண்டே, “போடலாம் மாமா” என்றான்.

“அப்படிச் சொல்லுலே. ரெண்டு பேருமா காத்துக்கிடப்போம்” என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வெள்ளைத்தாய் சத்தம் போட்டார்: “ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய பக்கத்தில் படம் வர வேண்டிய கட்டம் காலியாகவே கிடந்தது. ஆட்ட விவரம் கேட்கப் போன ஜபருல்லா, கேட்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் விடுவான். அவருக்கு வலது கால் செருப்பு மட்டும் கொண்டுபோவான். ஜோடி இழந்த இடது கால் செருப்புகள் கடையில் தனியாகச் சேர்ந்தன. “ஏலே ஜபரு, இந்த வாரமும் இருக்கேன். ஒன் படம் ஏறாது, போ” என்பதுதான் அவருடைய வரவேற்பு. அம்புட்டுச் சிரிப்பு இரண்டு பேருக்கும்.

நஸீபா ஒருமுறை கேட்டுவிட்டாள்: “ஒரு மனுசன் மவுத்தாப் போறதுக்கா இப்படிக் காத்துக்கிட்டு இருக்கிய?” அது அவனைச் சுட்டுவிட்டது.

ஐப்பசி மழையில் சீனிச்சாமிக்கு நெஞ்சுச் சளி முற்றியபோது கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். “படம் வேண்டாம்ணே. ஆளு இருந்தாப் போதும்” என்று என்னிடம் சொன்னான். பிழைத்து வீட்டுக்கு வந்த சீனிச்சாமிக்கு மனசு இளகியிருக்க வேண்டும். நானும் இருந்தேன் அப்போது.

“வேணும்னா ஒண்ணு எடுத்துக்கலே. ஊருக்குக் காட்டாத, ஒன் போன்ல வச்சுக்க” என்றார்.

இவன் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். “வேண்டாம் மாமா” என்றான்.

வெளியே வந்ததும் திட்டினேன். எடுத்து வைத்துக்கொண்டால் எவனுக்குத் தெரியப்போகிறது?

“நாளைக்கு அந்தப் பழைய படத்தை ஏத்தும்போது கேப்பாங்கண்ணே, வேற படம் கிடைக்குமான்னு. கையில வச்சுக்கிட்டு இல்லைன்னு எழுதச் சொல்லுதீங்களா?”

நேர்மைக்கும் ஓர் அளவு வேண்டாமா? கிறுக்கன்.

பங்குனியில் சீனிச்சாமி போய்விட்டார். மயானம் வரை போன ஜபருல்லா, கலைக்களஞ்சியத்தைத் திறக்கவே இல்லை. பதினாறாம் நாள் வெள்ளைத்தாய் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏய்யா ஜபரு, அவிய படம் ஏறிட்டா? கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாவ.”

திரும்பி வந்து கடையைத் திறந்தான். “செத்த நேரம் கூட இருங்கண்ணே” என்றான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். படத்தைச் சிறியதாக்கினான். திரையில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது. எடுத்தவர் யார்? தெரியவில்லை. எங்கே வெளியானது? பத்திரிகையின் பெயரை அடித்தான். இதற்குப் பதிலாகப் புதிய படம் எடுக்க முடியுமா? ‘முடியாது’ என்று அடித்தான். ஏன் என்று அடுத்த கேள்வி. அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“நீங்க அடிங்கண்ணே.”

‘அவர் இறந்துவிட்டார்’ என்று நான் அடித்தேன்.

காலியாகக் கிடந்த கட்டத்தில் படம் வந்து உட்கார்ந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஜபருல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லா எழும்பியிருக்காரு” என்றான். கொஞ்சம் கழித்து, “ஆனா இந்தப் பையனை எனக்குத் தெரியாதுண்ணே. என்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தவரு இதுல இல்ல” என்றான்.

போனை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினான். செருப்பு, செருப்பு, அவன் மகள் சப்ரீன், கண்மாய், சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய படம், மறுபடியும் செருப்பு. கடைசி வரை தள்ளிவிட்டுப் போனைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்தான்.

“எடுத்துக்கன்னு அவரே சொன்னாருல்லண்ணே?” என்றான்.

நான் எழுந்து போய் அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.