சிவப்பு நூல் கட்டிய காய்

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் நானும் மொட்டைமாடியில் குடைமிளகாய்ச் செடிகளுக்குக் குச்சி கட்டினோம். ஏழு தொட்டி, பத்தொன்பது காய். கனம் தாங்காமல் கிளை ஒடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு காய்க்கும் ஒரு குச்சி. ஊன்றுவது அவர், கட்டுவது நான். நடுவில் அம்மா கூப்பிட, கீழே போனார். வருவதற்குள் முடித்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் தொட்டிகளை ஒரு சுற்று சுற்றினார்.

“ஒரு கிளையில சிவப்பு நூல் கட்டியிருந்தேனே?”

“தொளதொளன்னு இருந்துச்சுப்பா. அவுத்துட்டு, குச்சியோட சேத்து இறுக்கிட்டேன். மத்ததுக்கும் அதே சிவப்பு நூல்தான்.”

“அது விதைக்காய்மா. யாரும் பறிச்சிடக் கூடாதுன்னு அடையாளத்துக்குக் கட்டினது.” சிரித்துவிட்டார். “நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சு, இருந்த ஒரு அடையாளத்தையும் அழிச்சிட்டா என் பொண்ணு.”

“இப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். தையல் நூல் கிளைய அறுத்துடும். நாளைக்குத் தடிச்ச வெள்ளை நூல் வாங்கிட்டு வரேன், மத்ததையெல்லாம் மாத்திடலாம்.”

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, கடையில், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அப்பா இறந்துபோனார். வயது அறுபத்தொன்று. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. போன மாதம் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. நான் போனபோது ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது. பாதி தைத்த சட்டைக் கை.

முப்பத்தெட்டு வருடம் பள்ளிச் சீருடை தைத்தார். கடைத்தெருவில் அவர் பெயர் ‘இன்ச் டேப்’. அது கழுத்தில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தொட்டிகளுக்கு இடைவெளி அளப்பதும் அந்த டேப்பால்தான். பதினெட்டு அங்குலம், ஒரு நூல் கூடாது, குறையாது. முதலில் வரும் பூக்களைக் கிள்ளிவிடுவார். “முதல்ல உடம்பத் தேத்தட்டும், அப்புறம் பிள்ள பெத்துக்கலாம்” என்பார்.

காயைப் பச்சையிலேயே பறித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். “உன் தோட்டத்துல ஒண்ணாவது பழுத்துச் சிவந்து பாத்திருக்கமா?” என்று அத்தை, அவருடைய அக்கா, கிண்டல் செய்தாள். பழுத்தால்தான் விதை தேறும். இந்த முறை ஒன்றைப் பழுக்கவிட்டு, அந்த விதையை அவள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை அத்தை மாடிக்கு வந்தாள்.

“எதும்மா அவன் எனக்குன்னு வச்சது?”

“தெரியல அத்தை.”

“அடையாளம் கட்டியிருப்பானே, அவன் முடிச்சு தனியாத் தெரியாதா?”

“அத நான் அவுத்துட்டேன்.”

அத்தை ஒரு காயைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். “என்னை இப்படி முழிக்க வைக்கணும்னே போயிட்டான் பாரு.”

என் வேலை, ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. எதையும் கழற்றும் முன் அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும் என்பது முதல் விதி. பதினோரு வருடத்தில் ஒருமுறையும் தவறவில்லை.

அவருடைய டேப்பால் பத்தொன்பது காயையும் அளந்தேன். சுற்றளவு, உயரம், காம்பு. அளவு இருக்கிறது. முகம் தெரியவில்லை. எதையும் பறிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் பழுக்கட்டும். ஒவ்வொன்றிலும் விதை எடுத்து அத்தைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுக் கடையைத் திறந்தேன். மிஷின் பலகை ஓரத்தில், வாங்க வேண்டியவற்றைச் சாக்கட்டியால் எழுதி, வாங்கியதும் அடித்துவிடுவது அவர் பழக்கம். பட்டன், எண்ணெய், ஊசி எல்லாவற்றையும் அடித்திருந்தார். கடைசி வரி அப்படியே இருந்தது.

தடிச்ச வெள்ளை நூல், ஒரு கண்டு.